மைக்கில் யார் பெயர்?

"ஜெயிச்சா மைக்குல என் பேரச் சொல்லணும், மாமா."

மாரீஸ்வரி இப்படிக் கேட்டதும், பந்தயக் கமிட்டிக் கொட்டகையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரை இறக்கிவிட்டு அவளைப் பார்த்தார்கள்.

எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்டுவிடாதே என்று அவள் அப்பா சின்னச்சாமி படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

கமிட்டித் தலைவர் பிச்சைமணி சிரித்தார். கம்பம் ஊர்க்காரர்களுக்கு அவர் 'ரேஸ்' பிச்சைமணி. நாளை, அறுவடை முடிந்த வயலில் ஜீப் பந்தயம். அவருடைய டிரைவர் கையை முறித்துக்கொண்டதால்தான், தன் ஜீப்பை ஓட்டச் சொல்லி இவளுக்கு ஆள் அனுப்பியிருந்தார்.

"ஏத்தா, நீ மாட்டுவண்டிப் பந்தயம் பாத்ததில்லயா? வண்டி யாருதோ அவுக பேரத்தேன் மைக்குல சொல்லுவாக. ஓட்டுறவன் பேரயா சொல்றாக?"

"இது ஜீப்பு."

"மாடு புல்லுத் திங்கும், இது டீசல் குடிக்கும். வேறென்ன வித்தியாசம்?"

கொட்டகையே சிரித்தது. மைக்செட் மாரிசெல்வத்துக்குப் புரையேறியது.

மாரீஸ்வரி சிரிக்கவில்லை. "இந்தப் பக்கத்துல மொதமொதல்ல ஜீப் ரேஸ் ஓட்டுனது யாரு? எங்கப்பா. வாரம் பூரா ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏத்துவாரு, ஞாயித்துக்கிழமையானா உங்க ஜீப்போட சேத்துல எறங்குவாரு. ஒரு தடவ கதவு கழண்டு விழுந்தும் மொத ஆளா வந்தாரு. அப்ப நீங்க எங்கன இருந்தீக?"

"கொடைக்குக் கீழ!" பின்னாலிருந்து யாரோ குரல் கொடுத்தார்கள்.

"ஆமா. பன்னீர் சோடா குடிச்சிக்கிட்டு. மைக்குல 'ரேஸ் பிச்சைமணி'ன்னாக. அத்தனை கப்பும் உங்க வீட்டு அலமாரில இருக்கு. எங்கப்பா ஒரே ஒரு தடவ அவரு பேரச் சொல்லச் சொல்லிக் கேட்டாரு. கைகொட்டிச் சிரிச்சீக. அன்னைக்கு ரேஸை விட்டவருதேன்."

"சின்னச்சாமியே அத மறந்துட்டான். இதெல்லாம் காலேசுல கத்துக்கிட்ட வாயி."

"எங்க வீட்டுல மொதல்ல காலேஜுக்குப் போனது நாந்தேன். சும்மாவா வருவேன்?"

பேச்சை மாற்றுவதற்காக மாரிசெல்வம் குறுக்கே புகுந்தான். "தலைவரே, புளியமரத்தடில தார்ப்பாய் போத்தி ஒரு ஜீப்பு நிக்குது. யாரும் வந்து பேரு குடுக்கல."

"எவனாச்சும் வருவான், எழுதிக்க." பிச்சைமணி அவள் பக்கம் திரும்பினார். "நீ என்னத்தா சொல்ற?"

"ஓட்டுறவ பேரச் சொல்ல மாட்டீக. அதானே முடிவு?"

"வண்டி யாருதோ அவுக பேருதேன். ஓட்டுறது எந்த மகராசியா இருந்தாலுஞ்சரி."

"நாளைக்குப் பந்தயம் முடிஞ்சதும் மாத்திப் பேச மாட்டீகளே?"

பிச்சைமணிக்கு ரோஷம் வந்துவிட்டது. "நானா? ஏலே மாரிசெல்வம், மைக்கப் போடுறா!"

குழாய் ஸ்பீக்கர்கள் ஒரு முறை கீச்சிட்டன. பிறகு பிச்சைமணியின் குரல் வயலைத் தாண்டி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனது. "பொதுமக்களுக்குத் தெரிவிச்சுக்கிறது என்னன்னா, நாளைக்கு எந்த ஜீப்பு ஜெயிச்சாலும் அந்த ஜீப்புக்குச் சொந்தக்காரவுக பேருதேன் மைக்குல வரும். கப்பும் அவுக கையிலதேன். இது கமிட்டித் தலைவரோட வாக்கு!"

மைக்கை வைத்துவிட்டு மீசையை நீவிக்கொண்டார். "போதுமா? நாளைக்கு வெள்ளன வந்துரு. என் ஜீப்பக் கழுவித் தொடச்சு வச்சிருக்கேன்."

மாரீஸ்வரி அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தாள்.

"அத நீங்களே ஓட்டுங்க மாமா. ரேஸ் பிச்சைமணியில்ல நீங்க?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கொட்டகை வாசலுக்குப் போனாள்.

"மாரிசெல்வண்ணே, அந்தப் புளியமரத்தடி ஜீப்ப நாந்தேன் ஓட்டுறேன். போன வாரம் எங்கப்பா பேருல வாங்குனது. 'பண்ணைப்புரம் சின்னச்சாமி'. நாளைக்குச் சொல்லையில சவுண்டக் கொஞ்சம் கூட்டி வைங்கண்ணே," என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வெளியே நடந்தாள்.