சட்டியக்கா

"முசியே ரேமண்ட், உங்கட கடையில இருக்கிறதுக்குள்ள ஆக நல்ல ஹெல்மெட்டா ஒண்டு எடுங்கோ. இவவின்ர தலைக்கு!" கடைக்குள் கால் வைக்கும் முன்பே மடுத்தீன் கத்தினார்.

"ஒண்டும் எடுக்க வேண்டாம். எனக்கு இதே காணும்." பின்னால் வந்த அவர் மனைவி அற்புதராணி, தன் நீல நிற ஹெல்மெட்டை மேசையில் டொக்கென்று வைத்தாள்.

சைக்கிள் திருத்தும் ரேமண்ட் புதுச்சேரிக்காரர். பிரெஞ்சுத் தலைநகரின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் பாதிப் பேரின் சைக்கிள் அவர் கைபட்டதுதான். அவர் ஹெல்மெட்டைப் பார்த்தார். பிறகு அற்புதராணியின் நெற்றியில் ஒட்டியிருந்த வெள்ளைக் கட்டைப் பார்த்தார்.

"என்ன மதாம் ஆச்சு?"

"விழுந்திட்டா!" என்று மடுத்தீனே முந்திக்கொண்டார். "போன சனிக்கிழமை. எங்கட கடைத்தெருவுக்குள்ள திரும்பேக்கை நிண்ட வானின்ர கதவை ஒருத்தன் படாரெண்டு திறந்திட்டான். நான் என்ர மரக்கறிக் கடையில, உள்ளுக்கு கத்தரிக்காய்ப் பெட்டி உடைச்சுக்கொண்டு நிண்டனான். சத்தம் கேட்டு ஓடி வந்து பாத்தா, நெத்தியால ரத்தம் ஓட ஓட, ஹெல்மெட்டைக் கையில வைச்சுக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாறா. ஹெல்மெட் போட்டும் மூண்டு தையல்! உதுவும் ஒரு ஹெல்மெட்டோ?"

"அதைத் திட்டாதேங்கோ. அது ஒரு பிழையும் செய்யேல்லை" என்றாள் அற்புதராணி.

ரேமண்ட் தலையாட்டினார். "முசியே சொல்றது சரிதான் மதாம். ஒரு தடவ அடி வாங்கின ஹெல்மெட் அவ்வளவுதான். வெளியில ஒண்ணும் தெரியாது. உள்ள இருக்கிற நுரை நசுங்கிப் போயிருக்கும். அடுத்த அடிய அது தாங்காது. மாத்திடுங்க."

"கேட்டியோ? தெரிஞ்ச மனுசன் சொல்லுறார்."

"அவர் சொல்லுறது சரி. ஆனா நான் மாத்தமாட்டன்."

அவள் பிடிவாதம் லாச்சப்பல் அறிந்ததுதான். இருபது வருடம் கணவனின் கடையில் கல்லாவுக்குப் பின்னால் குந்தியிருந்தவள், ஐம்பது வயதில் தானே தேடி, பக்கத்து ஊரான சென் தெனியில் ஒரு பள்ளிக்கூடக் கன்டீனில் வேலை எடுத்தாள். முதல் சம்பளத்தில் சைக்கிள் வாங்கினாள். கூடவே இந்த நீல ஹெல்மெட்டையும். கடைத்தெருவுக்கு வாய் சும்மா இருக்குமா? தலையில் சட்டியைக் கவிழ்த்திருக்கிறாள் என்று 'சட்டியக்கா' எனப் பெயர் வைத்தது. சிரித்தவர்களின் காதுக்குள் மணியை அடித்துவிட்டு அவள் தன் பாட்டில் போனாள். கொஞ்ச நாளாகத்தான் அந்தக் கேலி அடங்கியிருந்தது.

"இஞ்சை பார் ராணி, கடைசியாச் சொல்லுறன்" என்றார் மடுத்தீன். "புது ஹெல்மெட் வாங்கு. இல்லாட்டி சைக்கிளை இப்பவே இவரிட்டைக் குடுத்துப்போட்டு, பழையபடி கல்லாவில வந்து இரு."

"சைக்கிளும் குடுக்கமாட்டன். கல்லாவிலயும் இருக்கமாட்டன். திங்கக்கிழமை விடிய இதே ஹெல்மெட்டோட சென் தெனிக்கு ஓடுவன். ஏலுமெண்டா மறிச்சுப் பாருங்கோ!"

"பாத்தியளே முசியே, தான் பிடிச்ச முயலுக்கு மூண்டு கால்! நான் ஆருக்காக இப்பிடித் தொண்டை கிழியக் கத்துறன்? எனக்கு இவவின்ர உயிர்தான் பெரிசு."

அற்புதராணி திரும்பி அவரை நேராகப் பார்த்தாள். "உண்மையாவோ? என்ர உயிர்தான் பெரிசோ?"

"பின்னை? வேறை என்ன?"

"அப்ப நல்லா யோசிச்சுப் பாருங்கோ."

"யோசிக்கிறதுக்கு என்ன கிடக்கு?"

அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. ஒரு கிழமையாக, மனுசன் தானாகவே நினைத்துப் பார்ப்பார் என்று காத்திருந்தாள். ஆஸ்பத்திரியில் தாதி கேட்டபோதும் வாய் திறக்கவில்லை. பிறத்தியாருக்கு முன்னால் அவர் முகம் கெடக்கூடாதே என்றுதான்.

இதற்குள் ரேமண்ட் ஹெல்மெட்டை விளக்கடிக்குக் கொண்டுபோயிருந்தார். முன்பக்கத்தைத் தடவினார். உள்நுரையைப் பெருவிரலால் அழுத்தினார். புருவம் உயர்ந்தது.

"முசியே, தையல் நெத்தியில. இதுல முன்னாடி ஒரு கீறல்கூட இல்ல. நுரையும் புதுசாட்டம் இருக்கு. இது அடியே வாங்கலையே!"

"அதெப்பிடி?" மடுத்தீன் குழம்பிப்போய் மனைவியைப் பார்த்தார். "தலை அடிபட்டது, ஹெல்மெட் அடிபடேல்லையோ? அப்ப இது எங்கை கிடந்தது?"

"ஹாண்டிலில தொங்கினது."

"தொங்கினதோ! உனக்கென்ன விசரே? ஹெல்மெட்டைக் கழட்டிக் கொழுவிப்போட்டு ஆரும் சைக்கிள் ஓடுவினமோ? எந்த மடையன் உனக்கு அப்பிடிச் சொல்லித் தந்தவன்?"

அற்புதராணி ரேமண்டின் கையிலிருந்து ஹெல்மெட்டை வாங்கினாள். அங்கேயே, அவர்கள் இருவருக்கும் முன்னால், அதைத் தலையில் போட்டாள். தையல் சுள்ளென்றது. பொருட்படுத்தாமல் தாடைப் பட்டியை இறுக்கிப் பூட்டினாள்.

"போன மாதம் சாப்பாட்டு மேசையில இருந்து, 'எங்கட கடைத்தெருவுக்குள்ள வரேக்கை மட்டும் உந்தச் சட்டியைக் கழட்டிப்போட்டு வா, சனம் என்னைப் பாத்துச் சிரிக்குது' எண்டு சொன்னது நீங்கள்தானேயப்பா!"