பத்தாம் நம்பர் எழுத்து

"உன் பொண்டாட்டி மறுபடியும் என் புத்தகத்தைப் பிடுங்கிட்டுப் போயிட்டா."

மகன் செருப்பைக் கழற்றுவதற்குள் அப்பா ஆரம்பித்துவிட்டார். புத்தகம் என்று அவர் சொல்வது இ-புக் ரீடரை. மருமகள் அடிக்கடி அதைக் கம்ப்யூட்டரில் மாட்டி நோண்டுகிறாள் என்பது பழைய புகார்.

"நான் என்ன படிக்கிறேன்னு வேவு பார்க்குறாளோ என்னமோ. இந்த வயசுல காதல் கதை படிச்சா தப்பா?"

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான்.

மனைவி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். ரீடர் ஒயரில் இணைந்திருந்தது. கம்ப்யூட்டர் திரையில் புரியாத வரிகள் விறுவிறுவென்று ஓடின.

"அதை என்ன பண்றே?"

"ரூட் பண்றேன். உள்ளே யாரும் எதையும் மாத்தக் கூடாதுன்னு கம்பெனிக்காரன் பூட்டி வெச்சிருக்கான். அதைத் திறக்கறேன். ஒவ்வொரு அப்டேட்டுக்கும் மறுபடி பூட்டிக்குது."

"எதுக்குத் திறக்கணும்?"

"மாமா பத்தாம் நம்பர் எழுத்துலதானே படிக்கிறார்? நம்பரை அப்படியே விட்டுட்டு எழுத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமா பெருசாக்கிட்டு வரேன். அவருக்குத் தெரியாது. இன்னும் பத்துலயே படிக்கிறேன், டாக்டருக்குத்தான் கண்ணு சரியில்லைன்னு கிண்டல் பண்ணிட்டிருக்கார்."

அவன் கட்டிலில் உட்கார்ந்தான்.

பார்வை போய்க்கொண்டேதான் இருக்கும், படிக்க முடியாமல் போனால் அவரைத் தனியாக விடாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த நாள் வந்தால் இவள் அச்சக வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்க வேண்டியதுதான் என்று அப்பாவின் எதிரிலேயே அவன் அறிவித்திருந்தான்.

"அப்போ வேலை போயிடக் கூடாதுன்னு அப்பா கண்ணு போறதை மறைச்சிருக்கே."

அவள் திரும்பவில்லை.

"முதல்ல அவர் மனசு உடையக் கூடாதுன்னுதான் செஞ்சேன். அப்புறம் எனக்காகவும்தான். இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஏங்க, நீங்க வேலையை விடலாம்னு ஒரு தடவையாவது தோணிச்சா?"

தோன்றியதில்லை. அவளை முறைத்தான்.

ஓடிக்கொண்டிருந்த வரிகள் சட்டென்று நின்றன. ரீடரின் முகம் முழுக்கச் சாம்பல் பூத்தது. அவள் பட்டனை அழுத்தினாள். ஒயரைப் பிடுங்கிச் செருகினாள். ஒன்றும் அசையவில்லை.

"செத்துப் போச்சு" என்றாள், உதடு மட்டும் அசைய.

"நல்லதாப் போச்சு. நடந்ததை அவர்கிட்டச் சொல்லு. நாளைக்கே வேலையை விடறேன்னு ஆபீஸ்ல சொல்லிடு."

செத்ததை எடுத்துக்கொண்டு அவள் கூடத்துக்குப் போனாள். கைதியைக் கூட்டிப் போகிறவனைப் போல அவன் பின்னாலேயே வந்தான்.

"மாமா..."

அதற்குள் அப்பா கையை நீட்டி ரீடரை வாங்கிக்கொண்டார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு முகத்தருகே பிடித்தார். ஓரத்துப் பட்டனை அழுத்தினார். சற்று நேரம் கழித்து மறுபடி அழுத்தினார்.

"அட, இப்போ எழுத்து பளிச்சுனு இருக்கேம்மா."

சாம்பல் திரையில் ஒரு புள்ளிகூட இல்லை.

மகன் வாயைத் திறந்தான். மனைவி அவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

அப்பா இன்னொரு பக்கத்தைத் திருப்பினார்.

"நீ கவலைப்படாம வேலைக்குப் போம்மா. நான் பாட்டுக்குப் படிச்சுக்கிட்டு இருப்பேன்."