வெட்டிய இடத்தில் ஒரு பூ

“இந்த ஆளு ஒரு படத்துலகூட இருக்கக் கூடாதும்மா. எல்லாத்துலயும் வெட்டி எடுத்துடுங்க.”

பை நிறைய இருந்த புகைப்படங்களை மேசைமேல் கொட்டிவிட்டு, வந்த அம்மாள் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். அறுபது வயதிருக்கும். நிம்மதியாகத் தூங்கி மாதக்கணக்கான கண்கள்.

கடைக்காரிக்குத் தெருவில் ‘ஆல்பம் அக்கா’ என்று பெயர். வண்ணக் காகிதம், துணி, பொத்தான், காய்ந்த இலை என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் வைத்து, படங்களை ஒட்டிப் பக்கம் பக்கமாக ஆல்பம் செய்து கொடுப்பாள். படங்களைப் புரட்டினாள். எல்லாவற்றிலும் இளவயதில் இந்த அம்மாள். பக்கத்தில் எப்போதும் ஒரே ஆள்.

“இவரு யாரும்மா?”

“என்னைக் கல்யாணம் பண்ணினவரு.”

“ஆல்பம் யாருக்கு?”

“என் வீட்டுக்காரருக்குத்தான். பிறந்தநாள் வருது. என் பழைய படம்னா ஆசையாப் பாப்பாரு. பக்கத்துல இந்த முகத்தைப் பாத்துட்டாருன்னா போச்சு, வீடு ரெண்டாயிடும்.”

கடையில் உதவிக்கு இருந்து பசை தடவிக்கொண்டிருந்த ஆல்பம் அக்காவின் நாத்தனாருக்குக் கை நின்றது. காது மட்டும் வேலை செய்தது.

“ஒரிஜினலை வெட்ட வேணாம்மா. காப்பி எடுத்து அதை வெட்டுறேன். இது உங்ககிட்டயே இருக்கட்டும்.”

“ஐயோ, வேணாம். நீங்களே பத்திரமா வச்சிருங்க. வீட்ல எங்க ஒளிச்சாலும் தேடி எடுத்துடறாரு.”

பின்னணிக்குப் பிடித்த நிறத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிக் காகிதக் கட்டைக் கொடுத்துவிட்டு ஆல்பம் அக்கா திரும்பிப் பார்த்தபோது, அந்த அம்மாள் மஞ்சள் காகிதத்தைப் பிடித்தபடியே தூங்கிப்போயிருந்தார்.

அவர் போனதும் நாத்தனார் ஆரம்பித்தாள். “இந்த வயசுல ரெண்டாவது கல்யாணம், அந்த ஆளுக்கு இப்படி ஒரு பொறாமை! படத்துல இருக்கிறவர்கிட்டயா சண்டை போடறது?”

“நமக்கெதுக்கு? வேலையைப் பாரு.”

வேலை லேசில் முடிவதாக இல்லை. ஆளை வெட்டினால் ஓட்டை விழும். அந்த ஓட்டை ஓட்டையாகத் தெரியக் கூடாது. ஒரு படத்தில் அவர் நின்ற இடத்தில், ஓரத்தைக் கையால் கிழித்த காகிதத்தை அடுக்கடுக்காக ஒட்டி மலைபோல ஆக்கினாள். இன்னொன்றில் தேநீர்த் தண்ணீரில் நனைத்துக் காயவைத்த பழுப்புத் தாளில் ஜன்னல் செய்தாள். ஒரு படத்தில் ஆள் போய்விட்டார், அந்த அம்மாளின் தோளில் அவர் விரல்கள் மட்டும் தங்கிவிட்டன. அதன்மேல் துணிப்பூ ஒன்றைத் தைத்தாள். கழுத்து இற்றுவிடும்போல் வலித்தது. கத்தரி பட்ட கட்டைவிரல் காய்த்துப்போனது. ஒவ்வொரு முகத்தையும் வெட்டிக் கீழே போடும்போது, யாருக்கோ துரோகம் செய்வதுபோல் இருந்தது.

கடைசிப் படத்தில் அவளால் முடியவில்லை. மழையில் இருவரும் ஒரே குடைக்குள் நின்றார்கள். அந்த அம்மாள் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அவரை எடுத்துவிட்டால், ஒன்றுமில்லாததைப் பார்த்துச் சிரிக்கிற பைத்தியம்போல் ஆகிவிடும்.

படத்தை முழுசாக ஒட்டி, அவர் இருந்த பாதியின்மேல் திறந்து மூடுகிற மாதிரி ஒரு காகிதக் கதவை வைத்தாள்.

“வம்பை விலைக்கு வாங்காதீங்க அண்ணி,” என்றாள் நாத்தனார்.

“அந்தம்மா என்னைக்காவது தனியா இருக்கும்போது திறந்து பாத்துக்கட்டும்.”

ஆல்பத்தை வாங்கிக்கொள்ள அந்த அம்மாள் வந்தபோது, கூடவே கணவரையும் கைப்பிடித்துக் கூட்டிவந்தார். “தனியா விட்டுட்டு வர முடியலம்மா,” என்றார், மூச்சு வாங்க.

ஒரு நிமிஷம்கூட விட்டுவைக்க மாட்டார்போல என்று நினைத்துக்கொண்டாள் ஆல்பம் அக்கா. அந்த மனிதரின் முகத்தைப் பார்க்கவே பிடிக்காமல், குனிந்து ஆல்பத்தை நீட்டிவிட்டுச் சிதறிக்கிடந்த பொத்தான்களைப் பொறுக்கலானாள்.

பக்கங்கள் மெதுவாகப் புரண்டன. “இது என் பொண்டாட்டி,” என்று அவர் நாத்தனாரிடம் சொன்னார். அடுத்த பக்கத்திலும் சொன்னார். குரலில் அத்தனை பெருமை. “பாத்தியா, எவ்வளவு அழகு!”

அந்த அம்மாளுக்கும் முகம் கொஞ்சம் தெளிந்தது. பிறகு கடைசிப் பக்கம் வந்தது. காகிதக் கதவை அவர் விரல் நெம்பித் திறந்தது.

“யாருடி இவன்? உன்கூட ஒரே குடைக்குள்ள நிக்கிறான்!”

ஆல்பம் தரையில் வந்து விழுந்தது. அந்த அம்மாள் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

ஆல்பம் அக்காவுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. “ஏன் சார், ஒரே ஒரு படத்துல அந்த மனுஷன் இருந்துட்டுப் போனா உங்களுக்கு என்ன குறைஞ்சிடும்?” என்று கேட்டபடி நிமிர்ந்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

அவருக்கு முடி நரைத்து, கன்னம் ஒட்டிப்போயிருந்தது. ஆனால் இத்தனை நாளும் அவள் கத்தரித்துக் குவித்த முகம் அதுதான்.

“என்னை இன்னும் ஞாபகம் இருக்கும்மா,” என்றார் அந்த அம்மாள். “அவரைத்தான் அவருக்குத் தெரியல.”