ஒரே ஒரு இழுப்பு

கடல்நுரைக் கல் என்கிற மென்கல்லில் சிங்க முகம் செதுக்கிய வெள்ளைப் புகையிலைப் பைப் ஒன்று, பழைய பைப்புகள் சேர்க்கும் ஞானமுத்துவின் கண்ணாடி அலமாரியில் சும்மா கிடந்தது. ஒரு இழுப்பாவது தன்னில் புகை ஏற வேண்டும், அவ்வளவுதான் அதன் ஆசை. நூறு வயதாகியும் நடக்கவில்லை.

வந்தவர்களிடம் ஞானமுத்து, "இதுல ஒருத்தரும் வாய் வச்சதில்ல, அதான் இதுக்கு மதிப்பு" என்பார். உடனே மேசைமேல் இருக்கும், அதே வெள்ளைக் கல்லில் செய்து பழுப்பேறிய பைப்பைக் காட்டி, "தினமும் பிடிச்சுப் பிடிச்சுத்தான் இந்தத் தேன் நிறம் வந்துச்சு, அதான் இதுக்கு மதிப்பு" என்பார்.

வெள்ளைக்குத் தலை சுற்றும்.

ஒருநாள் பழுப்பையும் துடைத்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

"என்னண்ணே, உன்னையும் உள்ள போட்டுட்டாரு?" என்றது வெள்ளை.

"நிறம் முழுசா வந்துடுச்சாம். இனிமே பிடிச்சா கெட்டுடுமாம்."

"அப்போ பிடிக்கணுமா, பிடிக்கக் கூடாதா?"

"நாப்பது வருஷம் அவர் வாயிலயே இருந்தேன். எனக்கே தெரியல, போடா."

வெளியே ஞானமுத்து சட்டைப் பையிலிருந்து ஒரு பீடியை எடுத்துப் பற்றவைத்து, கண்ணை மூடி இழுத்தார்.

"அண்ணே, அது எந்தக் காலத்துது?"

"காலையில பெட்டிக்கடையில வாங்குனது."

வெள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை. பீடி முடிகிற வரைக்கும், சிங்க முகத்தைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தது.