அடிமண்டி

வைன் ஊறிய கண்ணாடி ஜாடியை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கினார்.

கலங்கல்.

அடியில் படிந்திருக்க வேண்டிய மண்டி நடுவில் மிதந்துகொண்டிருந்தது. அவசரமே இல்லாமல், அரசாங்க விருந்தினர் மாதிரி.

நாளை கிறிஸ்துமஸ். ரப்பர் குழாயை விட்டு மேலே உள்ள தெளிவை மட்டும் இறக்க வேண்டும். இறக்கத் தெளிவு இருந்தால்தானே.

வைன் ஐந்து பேருக்குப் போட்டிருந்தார். கைப்பழக்கம் என்று தனக்கே சொல்லிக்கொண்டார். வரப்போவது யாருமில்லை.

முப்பத்தோரு ஆண்டுகள் கல்லூரியில் வேதியியல் நடத்தியவர். கடைசி ஏழாண்டு துறைத் தலைவர். மண்டி எப்படிப் படிகிறது என்று வருஷா வருஷம் வீட்டுக்கு வந்தவர்களை நிற்கவைத்து விளக்குவார். பசி வேளையில். கேக்கை வெட்டவிடாமல்.

ஜாடி அசையக் கூடாது. அவ்வளவுதான் விஞ்ஞானம்.

வருஷா வருஷம் கலங்கியது. வருஷா வருஷம் விசாரணையும் நடந்தது.

குடும்பத்தோடு இதே வீட்டில் இருந்த தங்கை எப்சியின் துடைப்பம் இடித்திருக்கும். அவள் பிள்ளைகளின் பந்து பட்டிருக்கும். ஒரு வருஷம் பூனை. தீர்ப்பைப் பொருட்படுத்தாதது பூனை மட்டும்தான்.

போன கிறிஸ்துமஸுக்கு எப்சியின் கணவர் ஞானசிகாமணி. ஆலயத்தில் திருவிருந்து ரசம் தவிர ஒரு சொட்டு தொடாத மனுஷன். சபைப் போதகருக்குக் கேக் தட்டை நீட்டிக்கொண்டிருந்தவரைப் பார்த்து, இவர் சொன்னார்:

"திருட்டுத்தனமா சாய்ச்சுக் குடிச்சா கலங்காம என்ன செய்யும், மாப்பிள?"

ஞானசிகாமணி தட்டை மேஜையில் வைத்தார். அவ்வளவுதான்.

பொங்கலுக்குள் நான்கு பேரும் சமாதானபுரத்தில் வாடகை வீடு பார்த்துப் போய்விட்டார்கள். பூனையும் கூடவே போயிற்று.

இந்த வருஷம் வீட்டில் பந்து இல்லை. துடைப்பம் மூலையில். சாப்பாட்டு மேஜையில் ஒரே ஒரு நாற்காலிதான் இழுபடுகிறது.

ஜாடிக்கு இதைவிட நல்ல வருஷம் வாய்க்காது.

பின்னே யார்?

கட்டிலடியிலிருந்து ஜாடியை எடுப்பார். ஜன்னலுக்குக் கொண்டுவருவார். தெளிந்துவிட்டதா என்று சாய்த்துப் பார்ப்பார். திரும்பக் கொண்டுபோய் வைப்பார்.

காலையில் ஒரு தடவை. சாயங்காலம் ஒரு தடவை.

இருபது வருஷமாக.

கைகளுக்குள் மண்டி மெல்லச் சுழன்றது.

ஜாடியை மேஜையில் மெதுவாக, மிக மெதுவாக வைத்தார். இனி மெதுவாக வைத்து என்ன.

போனை எடுத்தார். பதினோரு மாதத்தில் முதல் தடவை.

ஞானசிகாமணிதான் எடுத்தார். பின்னால் பிள்ளைகளின் கூச்சல். ஸ்டார் கட்டுகிறார்கள் போலிருக்கிறது.

"மாப்பிள..."

முப்பத்தோரு ஆண்டு தங்குதடையில்லாமல் பேசியவர். ஜாடியின் மூடியை ஒரு தடவை இறுக்கினார்.

"வைன் இந்த வருசமும் தெளியல."

அந்தப் பக்கம் பிள்ளைகளை யாரோ அதட்டி அடக்கினார்கள்.

"தெருவுல லாரி கீரி போயிருக்கும் மச்சான்," என்றார் ஞானசிகாமணி. "அதுல அதிர்ந்திருக்கும்."

இவருடையது முட்டுச்சந்தில் கடைசி வீடு. ஆட்டோ வந்தாலே பின்னால் எடுத்துத்தான் வெளியே போக வேண்டும். பதினாறு வருஷம் இந்த வீட்டில் இருந்தவருக்கு அது தெரியாதா?

"ஆமா மாப்பிள," என்றார். "பெரிய லாரி."

இரண்டு பேருமே போனை வைக்கவில்லை.