மொட்டை மாடிக் கதவு

துணி எடுக்க மொட்டை மாடிக்கு வந்த ராகவேந்திராவின் முதுகுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. இரும்புலியூர் அபார்ட்மென்டில் புதிதாகப் போட்ட பூட்டு அது. மாடிப் பக்கத்திலிருந்து என்றால், போனில் ஆப்பைத் திறந்து 'திற' என்ற பட்டனை அழுத்தினால்தான் திறக்கும். அவன் போனோ வீட்டில் சார்ஜில் கிடந்தது.

நல்லவேளை, தண்ணீர்த் தொட்டியருகே மூன்றாவது மாடி லோகநாதன் நின்றிருந்தார்.

"சார், உங்க போன்ல கதவைத் திறங்களேன்."

"அத்தத்தான் தேடிகினு கீறேன். பட்டனையே காணோம்."

வாங்கிப் பார்த்தான். உள்ளங்கையில் அடங்கும் பழைய போன். பூட்டின் படமே திரை முழுவதையும் அடைத்துக்கொண்டிருந்தது.

"மேல தள்ளிப் பாத்தீங்களா?"

"நகர மாட்டேங்குது."

"வீட்டுக்குப் போன் பண்ணுங்க."

"வூட்டம்மா மாடம்பாக்கம் கோயிலுக்குப் பூட்டா. வர மத்தியானம் ஆவும். வாட்ச்மேன் எடுக்கல."

தரை கொதித்தது. இருவரும் தொட்டி நிழலில் ஒண்டிக்கொண்டார்கள்.

"இத்தப் பண்ணவன் மட்டும் என் கைல கெடச்சான், இதே வெயில்ல நிக்க வெப்பேன்" என்றார் லோகநாதன்.

ராகவேந்திரா போனை அவரிடமே திருப்பிக் கொடுத்தான். சின்ன ஸ்க்ரீனில் பட்டன் தெரியவில்லை என்று ஆபீஸில் இந்த ஆப்பைச் சோதித்த ஸ்ம்ருதி காட்டியபோது, "இந்தக் காலத்துல சின்ன போன் யார் வெச்சிருக்கா? அப்படியே விட்டுடு" என்று சொன்னவன் அவன்தான்.

"போன வாரந்தான குடிவந்தீங்க? இன்னா வேல பாக்கறீங்க தம்பி?"

"பேங்க்ல சார்."