கையைப் பார்க்கும் நாய்

மூன்றாவது முறை கத்திப் பார்த்தபோதும் காற்றுதான் வந்தது, குரல் வரவில்லை.

இடுப்புக்குக் கீழே, என் கால்களின் மேல் இடிந்த சுவர் கிடந்தது. நெஞ்சின் மேல் ஒரு கல். பெரியதில்லை, ஆனால் நான் மூச்சை விடும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் அழுத்தி உட்கார்ந்தது. கைபேசி பின்பாக்கெட்டில், எல்லாவற்றுக்கும் அடியில். வலது கை மட்டும் வெளியே இருந்தது.

தப்பு என்னுடையதுதான். முயல் கற்சுவருக்குள் புகுந்துகொண்டது, என் நாய் ஜெஸ் சரியான இடத்தில் மூக்கை வைத்து நின்றது. சாந்து பூசாத சுவர். நாய் காட்டிய இடத்தில் ஒரு கல்லை உருவி, கையை விட்டு முயலை எடுப்பது எங்கள் பள்ளத்தாக்கில் எல்லோரும் செய்வதுதான். எந்தக் கல்லை உருவக்கூடாது என்பதும் எல்லோருக்கும் தெரியும். சுவரின் இரண்டு முகத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கும் நீளக் கல்லை நான் உருவினேன். ஆப்பசைத்த குரங்குக்காவது வால்தான் மாட்டியது.

நிலம் வில்ஃப் ரெய்னுடையது. கேட்காமல்தான் வந்திருந்தேன்.

அந்த ரெய்ன் இப்போது புல்வெளியின் கீழ்க்கோடியில், குட்டி போட்ட ஆடுகளுக்குத் தீவனம் கொட்டிக்கொண்டிருந்தார். இடிந்த இடைவெளி வழியாக அவர் எனக்கு நன்றாகத் தெரிந்தார். கக்கத்தில் துப்பாக்கி.

ஜெஸ் என் தலைமாட்டில் உட்கார்ந்து அவரைப் பார்த்தது. குரைக்கவில்லை.

அது குரைக்காது. அதன் தாய், ஆடு மேய்க்கும் கோலி இனம்; தகப்பன், பந்தயம் ஓடும் விப்பெட் இனம். அறிவு தாய்வழி, கால் தகப்பன்வழி. அடுத்தவர் நிலத்தில் முயல் பிடிக்கிறவனுக்குக் குரைக்கிற நாய் எதற்கு? குட்டியிலேயே அதை மறக்கடித்துவிட்டேன். எங்களுக்குள் எல்லாமே கைச்சாடைதான். விரலை நீட்டினால் போ. உள்ளங்கையைக் கவிழ்த்தால் படு. குரை என்பதற்குச் சாடை கிடையாது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் நாயின் வாயைக் கட்டிக் கெட்டேன்.

விரலை நீட்டி அனுப்பலாம். அனுப்பினால் அவர் கண்ணில் படும். அதுதான் பயம்.

போன வாரம் அவருடைய இரண்டு ஆட்டுக்குட்டிகளை ஏதோ ஒரு நாய் கொன்றுபோட்டிருந்தது. ஊரில் வேட்டை நாய் வைத்திருப்பவர்கள் இரண்டே பேர், நானும் நார்மனும். மதுக்கடையில் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இனி என் ஆடுகளுக்கு நடுவே எந்த நாய் ஓடினாலும் சுடுவேன் என்றார். சட்டமும் அவர் பக்கம்தான். என் நாய் கோலியிடம் பால் குடித்தது, ஆட்டை ஏறெடுத்தும் பார்க்காது என்று நான் சொன்னேன். நார்மன் பாவம், வீட்டுக்குப் போய்த் தன் நாயைக் கொட்டகையில் கட்டிவிட்டான்.

பனி கலந்த மழை தொடங்கியது. கால்களில் வலி நின்றுபோயிருந்தது, எனக்கு அது பிடிக்கவில்லை. ரெய்ன் காலிச் சாக்கை மடித்து வண்டியில் வைத்தார். அவர் போனால் அடுத்து இங்கே ஆள் வருவது நாளைக் காலைதான். அதுவரை நான் தாங்கமாட்டேன்.

விரலை நீட்டினேன்.

ஜெஸ் கற்களைத் தாண்டிப் பாய்ந்தது. ஆடுகள் சிதறின. ரெய்ன் திரும்பினார். துப்பாக்கி தோளுக்கு ஏறியது.

ஓடும்போது முப்பது தப்படிக்கு ஒருமுறை ஜெஸ் திரும்பி என் கையைப் பார்க்கும். அந்த ஒரு நொடிக்காகக் காத்திருந்தேன். அவ்வளவு பக்தியாக நான் கடவுளை ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

திரும்பியது. உள்ளங்கையைக் கவிழ்த்தேன்.

விழுந்தது போலப் படுத்துவிட்டது. ஒரு தாய் ஆடு அதன் மூக்குக்கு முன்னால் வந்து காலைத் தரையில் தட்டி மிரட்டியது. ஜெஸ் அசையவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

ரெய்ன் சுடவில்லை. நாற்பது வருஷமாகக் கோலிகளை வைத்து ஆடு மேய்த்தவர். இப்படிப் படுக்கிற நாய்க்கு எங்கோ ஒரு கை இருக்கும் என்று அவருக்குத் தெரியும். நாய் பார்த்த திசையில் அவரும் பார்த்தார். பிறகு ஓடிவந்தார், அந்த வயதில் ஓடக்கூடாத ஓட்டம்.

நெஞ்சின் மேலிருந்த கல்லைத் தூக்கிப் போட்டார். தன் கோட்டைக் கழற்றி என்மேல் போர்த்தினார். போனில் மீட்பு ஹெலிகாப்டருக்குச் சொல்லியாயிற்று, கால் மேல் இருப்பதை மட்டும் தொட வேண்டாம் என்றார்களாம். கேட்காமல் ஏன் வந்தாய் என்று அவர் கேட்கவே இல்லை.

கையைத் தூக்கினேன். ஜெஸ் வந்தது. தன் பையிலிருந்த இறைச்சி ரொட்டியைப் பிய்த்து அவர் நீட்ட, பல் படாமல் வாங்கிக்கொண்டது.

"உன் மேலதான்ப்பா சந்தேகப்பட்டேன், டெரிக். மனசுல வெச்சுக்காத. ஆட்டுக்கு நடுவுல இப்படிப் படுக்கற நாயி குட்டிய தொடுமா? அப்ப நார்மனோடதுதான். சாயங்காலம் போய்ச் சொல்லிடறேன். சொன்னா அவனே அத சுட்டுடுவான், நியாயஸ்தன்."

அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

போன வாரம் வியாழக்கிழமை விடியலில் ஜெஸ் தனியாகத் தப்பி ஓடியிருந்தது. அங்கே பார்ப்பதற்கு என் கை இல்லை. திரும்பி வந்தபோது அதன் வாயை ஆற்றுத் தண்ணீரில் கழுவினேன். ரத்தம் போகவில்லை என்று இரண்டாம் முறையும் கழுவினேன்.

இப்போது நெஞ்சில் கல் இல்லை, மூச்சு தாராளமாக வந்தது.

"தூங்கிடாதப்பா. எதையாவது பேசிக்கிட்டே இரு" என்றார் ரெய்ன்.

மழையைப் பற்றிப் பேசினேன்.